கடைசி வரியில் போடாத வார்த்தை

போன செவ்வாய்க்கிழமை காலேஜ் லேபில் நான் எழுதிய நிரல் முதல்முறையாக ஒழுங்காக ஓடியது. சின்ன நிரல்தான். எத்தனை எழுத்து வார்த்தை வேண்டும், எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும். சொன்னால் அகராதியில் இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளை எல்லாம் சலித்து, பொருந்துவதை மட்டும் கொட்டும். சோதித்துப் பார்க்க ஐந்து எழுத்து என்று கொடுத்தேன். இரண்டாவது ஆர், மூன்றாவது ஓ, நாலாவது டபிள்யூ, ஐந்தாவது என். முதல் எழுத்தைக் காலியாக விட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஐந்து வரி வந்து நின்றது.

பிரவுன். கிரவுன். ட்ரவுன். ஃப்ரவுன். க்ரோன்.

மூன்றாவது வரியைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம், பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த என் தண்ணீர் பாட்டில் மூடியை எடுத்து நிமிர்த்தி வைத்தது. அடுத்த சீட்டுத் தோழி பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, மூடிக்கெல்லாம் மரியாதை பண்ற?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் திரும்பியதும் நிரலில் இன்னொரு வரி சேர்த்தேன். அந்த மூன்றாவது வார்த்தை எப்போது வந்தாலும் காட்டாதே என்கிற வரி. மறுபடி ஓட்டினேன். நாலே வார்த்தை. நெஞ்சு லேசானது. அந்த லேசு வந்த பிறகுதான் திடுக்கென்றது. இத்தனை வருஷமாக எங்கள் வீடு செய்கிற வேலையைத்தானே நானும் இப்போது செய்திருக்கிறேன்? உட்கார்ந்த இடத்திலேயே ஒரு யோசனை பிடித்தது. என்ன யோசனை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு மாசி மாதத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் வயசுக்காரர்கள் யாரும் அந்த வருஷத்தை மறந்திருக்க முடியாது. கொரோனா காலம். பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், தையில் மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் பச்சையும் மஞ்சளும் சாம்பலுமாகக் கட்டங்கள். ஐந்து எழுத்து வார்த்தை ஒன்றை ஆறு வரிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை, எழுத்து மட்டும் சரி என்றால் மஞ்சள், இரண்டும் இல்லை என்றால் சாம்பல். ஒரு நாளைக்கு ஒரே வார்த்தை. எங்கள் இங்கிலீஷ் மிஸ்தான் அந்த விளையாட்டை வகுப்பு குரூப்பில் போட்டார். "வார்த்தை சேரும், விளையாடுங்க" என்றார். வகுப்பில் ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஒன்பதாம் வகுப்பு, பதிமூன்று முடிந்து பதினாலு நடக்கிறது. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஐந்து எழுத்து வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கி எழுதினேன். பிஸ்கட் கவரில், மருந்துச் சீட்டில், ஈசிஆர் போர்டில், எங்கே ஐந்து எழுத்தைப் பார்த்தாலும் விரலை மடக்கி எண்ணுவேன். பைத்தியம் என்றால் பைத்தியம்தான்.

எங்கள் வீடு இரண்டு தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது. ஈசிஆருக்குக் கிழக்கே கடலோரக் குப்பம், அது அப்பா வீடு. அப்பாவும் பெரியப்பாவும் ஒரு ஃபைபர் போட்டில் விடியற்காலம் போவார்கள், ஒன்பது மணிக்கு மேல் கரை வருவார்கள். ரோட்டுக்கு மேற்கே உப்பளம், அது அம்மா பிறந்த பக்கம். கல்யாணம் ஆகிப் பதினைந்து வருஷம் ஆனபோதும் சீசனில் அம்மா உப்பு வாரப் போவதை விடவில்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, அவளும் அதே பாத்திகளில்தான் வேலை.

அப்பா வீட்டில் சட்டம் பெரியம்மா கையில். போட்டு கடலுக்குள் இருக்கிற வரைக்கும் வீட்டில் ஒரு பாத்திரமும் கவிழ்ந்திருக்கக் கூடாது. கழுவின சட்டியைச் சுவரோடு சாய்த்து வைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் தங்கினாலும் சரி, ஈ உட்கார்ந்தாலும் சரி.

"ஆம்பளைங்க உள்ள இருக்கும்போது எவடி குண்டானைக் கவுத்தது?" என்று பெரியம்மா குரல் கேட்டால் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம்.

பாத்திரத்துக்கே அப்படி என்றால் வார்த்தைக்குச் சொல்ல வேண்டுமா? படகு புரள்வதைப் பற்றிப் பேசக் கூடாது. தண்ணீர் ஓர் ஆளை உள்ளே இழுத்து மூச்சை நிறுத்துகிறதே, அதற்கான வார்த்தையை வாயிலேயே எடுக்கக் கூடாது. அந்த மூன்றாவது வரியின் அர்த்தம் அதுதான். தமிழில் நல்ல வார்த்தை இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். பாருங்கள், இத்தனை பத்தி எழுதியும் நான் அதை எழுதவில்லை. ஆறாம் வகுப்பு அறிவியலில் மிதக்கும் பொருள்கள் என்று ஒரு தலைப்பு, அதற்கு எதிர்த் தலைப்பு ஒன்று. வீட்டில் சத்தம் போட்டுப் படிக்கும்போது இரண்டாவதை "மிதக்காத பொருள்கள்" என்று மாற்றிப் படித்தேன். பரீட்சையிலும் அப்படியே எழுதினேன். டீச்சர் அரை மார்க் குறைத்தார்.

அம்மா பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் சிரிப்பு. உப்பளத்தில் வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட தண்ணீரைத் தேக்கி வைக்கும் குட்டை ஒன்று உண்டு. அதில் இறங்கினால் கால் தரையில் நிற்காது, தானே மேலே தூக்கிக்கொள்ளும். நாங்கள் அதில் உட்கார்ந்து விளையாடியிருக்கிறோம், நாற்காலியில் உட்கார்வது போல. உடம்பெல்லாம் எரியும், ஆனால் தண்ணீர் உள்ளே விடாது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் சித்தியும் மற்றவர்களும். "உப்புத் தண்ணி ஆளை வாங்காது" என்பார்கள். அது அவர்களுக்குப் பழமொழி மாதிரி.

ஆக, ஒரு வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல விடமாட்டார்கள். இன்னொரு வீட்டில் சொன்னாலும் நம்பமாட்டார்கள். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது, ரோட்டைத் தாண்டினால் பயம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் தெரியும்.

சித்திக்கு ஒரே பையன், எனக்குத் தம்பி. அப்போது ஆறு வயது. நான் விளையாடும்போது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வான். வார்த்தை படிக்க வராது, எழுத்து எழுத்தாகச் சொல்லுவான். பாத்தி ஓரத்து ஈரக் களிமண்ணில் குதிகாலால் நான் ஐந்து கட்டம் கீறுவேன், அவன் ஒவ்வொன்றிலும் குச்சியால் ஓர் எழுத்து போடுவான். டபிள்யூ வந்தால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

"அக்கா, இது எம்முதான். யாரோ கவுத்திட்டாங்க."

"இல்லடா, இது வேற எழுத்து."

"கவுத்திட்டாங்கக்கா. உங்க பெரியம்மா பாத்தா திட்டும். நிமித்தி வை."

நான் சிரித்தேன். அந்தக் களிமண்ணில் அவன் டபிள்யூவை அழித்து எம் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மாசியில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். அம்மாவும் சித்தியும் நாலைந்து பெண்களும் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, நீளக் கம்பு போட்ட பலகையால் உப்பை வாரி ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார்கள். குவித்ததைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி மேட்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நாங்கள் இருந்தது ஐந்து பாத்தி தள்ளி, மோட்டார் கொட்டகை நிழலில். கொட்டகைக்குக் கீழே ஒரு பள்ளம். கால்வாயிலிருந்து வரும் தண்ணீர் முதலில் அங்கேதான் நிற்கும், மோட்டார் அதை இறைத்துப் பாத்திக்கு விடும். இந்த இடத்தைக் கவனியுங்கள். இது காய்ந்த தண்ணீர் கிடையாது. அப்போதுதான் உள்ளே வந்த சாதாரணக் கடல் தண்ணீர், ஆளைத் தூக்கிப் பிடிக்கிற கனம் அதற்கு இல்லை. ஆழமோ பெரிய ஆளுக்கே தலைக்கு மேல். சுற்றிலும் வழுக்குக் களிமண். தம்பி கரையில் குந்திக்கொண்டு மண் உருண்டை செய்து தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பதினேழாவது நாள். பதினாறு நாள் விடாமல் ஜெயித்திருந்தேன். முதல் வரி வாட்டர், டபிள்யூவும் ஆரும் மஞ்சள். இரண்டாவது வரி வீண். மூன்றாவது வரியில் கிரவுன் போட்டதும் நாலு கட்டம் பச்சை! துள்ளிக் குதித்தேன். முதல் எழுத்து ஒன்றுதான் பாக்கி. பிரவுன் போட்டேன், இல்லை. க்ரோன் போட்டேன், இல்லை. ஐந்து வரி முடிந்தது. இருப்பது ஒரே வரி.

நோட்டைப் புரட்டினேன். பொருந்துகிற வார்த்தை இரண்டு இருந்தது. ஒன்று ஃப்ரவுன், முகத்தைச் சுளிப்பது. மிஸ் எங்களைப் பார்த்து அடிக்கடி சொல்லும் வார்த்தை. இன்னொன்று, இப்போது லேபில் மூன்றாவதாக வந்ததே, அதே வார்த்தை. எனக்குள் இருந்த கணக்குப் புத்தி வேலை செய்தது. எஃப் அபூர்வமான எழுத்து, டி அடிக்கடி வருவது, அதனால் டிதான் இருக்கும். போடலாமா? கிழக்கே பார்த்தேன். அங்கிருந்து கடல் தெரியாது, சவுக்குத் தோப்புதான் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் அப்பாவும் பெரியப்பாவும். இங்கிலீஷில்தானே, வாயால் சொல்லவில்லையே, விரலால்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டி போட்டேன். ஆர் போட்டேன். ஓ, டபிள்யூ, என். ஐந்து கட்டமும் நிறைந்தது. என்டர் மட்டும் அழுத்தவில்லை. கட்டைவிரல் அதன்மேல் நின்றது.

அப்போது சத்தம் கேட்டது. தொப்பென்று கூட இல்லை. யாரோ ஈரத்துணியைக் கல்மேல் வைத்தது போல ஒரு சத்தம்.

திரும்பினேன். கரையில் ஆள் இல்லை. களிமண்ணில் வழுக்கின தடம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. நீலக் கலர் செருப்பு ஒன்று தண்ணீரில் மிதந்தது. பிறகு அவன் தலை மேலே வந்தது. கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தமே வரவில்லை. என்னைத்தான் பார்த்தான். பிறகு தண்ணீர் மட்டும் இருந்தது.

கடலோரத்தில் பிறந்தவள், எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஓடினேன். ஒற்றை அடி வரப்பில், இரண்டு பக்கமும் தண்ணீர், ஐந்து பாத்தி தூரம். போன் கையிலேயே இருந்தது. திரையில் அந்த ஐந்து எழுத்தும் அப்படியே இருந்தது. ஓடும்போது மண்டைக்குள் ஒரே ஓட்டம்தான். நான் போட்டேன், அவன் உள்ளே போனான். நான் இன்னும் என்டர் அழுத்தவில்லை, அதனால் இன்னும் முடியவில்லை. வாயால் சொன்னால் அதுதான் என்டர். தம்பியும் போவான், கடலில் இருப்பவர்களும் போவார்கள்.

அம்மா முன்னால் போய் நின்றேன்.

"அம்மா."

"இன்னா?" பலகையை நிறுத்தாமல் கேட்டாள்.

"வாம்மா."

"எங்கடி? பாதி வாரல் கெடக்குது."

"தம்பி..."

சித்தி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே திரும்பினாள். "இன்னா பண்றான் அந்த வாலு?"

"தண்ணியில இருக்கான்."

பெண்கள் சிரித்தார்கள். "இருந்துட்டுப் போறான். உப்புத் தண்ணி ஆளை வாங்காதுடி" என்றாள் சித்தி. "சட்டையோடவா எறங்கினான்?"

"ஆமா சித்தி."

"வரட்டும். அந்தச் சட்டைய அவனையே தொவைக்க வெக்கிறேன்."

சொல்லிக்கொண்டே மேட்டுக்குப் போய்க் கொட்டினாள். திரும்பி வந்து அடுத்த கூடையை நிரப்பினாள். நான் நின்றேன். இன்னொரு பெண் என்னைக் காட்டி, "போனும் கையுமா நிக்குறதப் பாரு, சம்பளம் போட வந்த ஆபீசரு கணக்கா" என்றாள். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேனோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இன்றுவரை உண்டு. வாய் இரண்டு பக்கமும் இழுத்தது ஞாபகம் இருக்கிறது. வார்த்தை பல்லுக்குப் பின்னால் நின்றது. அதைத் தவிர உலகத்தில் இருக்கும் எல்லா வார்த்தையும் எனக்கு வந்தது. அம்மா, வா, தம்பி, சீக்கிரம், தண்ணி. எதைச் சொன்னாலும் யாரும் பலகையைக் கீழே வைக்கவில்லை.

சித்தி இரண்டாவது கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மா கம்பைப் பிடித்தபடி ஏதோ சொல்ல நிமிர்ந்தவள், என் காலைப் பார்த்தாள். என் பாவாடை நனைந்து, கால் வழியாக இறங்கி, நான் நின்ற இடத்து வெள்ளை உப்பில் மஞ்சளாக ஒரு குழி விழுந்திருந்தது. அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பலகையும் கையுமாக ஓடினாள்.

அம்மாவுக்கும் நீச்சல் தெரியாது. பள்ளத்தின் கரையில் குப்புற விழுந்து, நீளக் கம்பைத் தண்ணீருக்குள் விட்டு, உப்பு வாருவது போலவே தன்னை நோக்கி வாரினாள். முதல் தடவை சேறு வந்தது. இரண்டாவது தடவை ஒன்றும் வரவில்லை. மூன்றாவது தடவை பலகையின் விளிம்பில் அவன் அரைஞாண் கயிறு மாட்டியது. உதடு நீலமாக இருந்தது. சித்தி அப்போதுதான் ஓடி வந்தாள். அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மேஸ்திரி தூரத்திலிருந்தே கத்தினார். "கவுத்துங்க! புள்ளையக் கவுத்துங்க!"

பதினைந்து வருஷம் ஒரு டம்ளரைக் கூடக் கவிழ்த்து வைக்காத அம்மா, ஒரு நொடி யோசிக்காமல் அவனைத் தன் முழங்கால்மேல் குப்புறக் கவிழ்த்தாள். முதுகில் அடித்தாள். தண்ணீர் வந்தது, கஞ்சி வந்தது, பிறகு ஓர் இருமல் வந்தது. அதுக்கப்புறம் மேஸ்திரி பைக்கில், சித்தி மடியில், ஆஸ்பத்திரி. இரண்டு நாள் காய்ச்சல். பிழைத்துக்கொண்டான்.

பயம் அதோடு முடிந்ததா? ஒன்பது மணி ஆனது, பத்து ஆனது, மற்றப் போட்டெல்லாம் கரை ஏறிவிட்டது. எங்கள் போட்டு வரவில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்க, நான் மட்டும் வீட்டில் பாத்திரம் எல்லாம் நிமிர்ந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்ததால் இன்னொன்றைக் கேட்கிறதோ தண்ணீர்? போனைத் தொடவே பயம். அழித்தாலும் என்டர் ஆகிவிடுமோ என்று அப்படியே அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பதினொன்றரைக்கு அப்பா வந்தார். மோட்டார் மக்கர், வேறொன்றுமில்லை. எண்ணெய்க் கையோடு, "இன்னா பாப்பா, மூஞ்சி இப்படி இருக்குது?" என்று கேட்டார். நான் அழவில்லை. போய் அவர் தட்டை எடுத்து வைத்தேன், நிமிர்த்தி.

நடந்ததைப் பெரியம்மா ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக் கோர்த்துக்கொண்டாள். உப்பளத்துப் பெண்கள் சொன்னார்கள், பொண்ணு வந்து தண்ணியில இருக்கான்னுதான் சொல்லிச்சு, வேற ஒண்ணும் சொல்லல என்று. அதைக் கேட்டதும் பெரியம்மா என்னை இழுத்து நெட்டி முறித்தாள்.

"கண்ணு முன்னால புள்ள போவுது. அப்பவும் அந்த வார்த்தைய வாயில வுடல பாரு! அதனாலதான் புள்ளையும் பொழச்சான், போட்டும் கரை வந்திச்சு. என் வீட்டுப் பொண்ணுடி இது!"

பெரியப்பா ஆமாம் என்று தலையாட்டினார். அன்று மத்தியானம் பிடித்து வந்ததில் பெரிய இறாலாகப் பொறுக்கி, வறுத்து, தட்டு நிறைய எனக்கு மட்டும் வைத்தார்கள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது.

மறுநாள் போனைத் திறந்தால் கட்டங்கள் காலியாகப் புதிதாக இருந்தன. முந்தின நாள் வார்த்தை என்னவென்று, இன்னும் விளையாடிக்கொண்டிருந்த அந்த ஒருத்தியிடம் போனில் கேட்டேன்.

"ஃப்ரவுன்டி. ஈசி."

முகச்சுளிப்பு. அவ்வளவுதான். நான் போட்ட டி எதையும் செய்யவில்லை, எதையும் செய்திருக்கவும் முடியாது. இது தெரிந்த பிறகும் அந்த நோட்டை நான் திறக்கவில்லை. எங்கே போனது என்றே தெரியவில்லை. நீலச் செருப்பில் ஒன்று பள்ளத்திலேயே போயிற்று, மற்றொன்றைச் சித்தி கொஞ்ச நாள் பரண்மேல் வைத்திருந்தாள்.

எத்தனை தடவை கணக்குப் போட்டிருப்பேன். சித்தி கொட்டினது இரண்டு கூடை. ஒரு கூடை நிரப்பி, தூக்கி, மேட்டில் கொட்டித் திரும்ப எவ்வளவு நேரம்? போன சீசனில் ஒரு நாள் அம்மாவோடு போய், யாருக்கும் தெரியாமல் போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு வந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்றும் பார்த்தேன். போன் காட்டும் ஒரு நொடிக்குள் அடங்கிவிட்டது. மனசுக்குள்தான் சொல்லிப் பார்த்தேன்.

பெரியவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஏன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், ஏன் கத்தவில்லை என்று ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். பாராட்டிவிட்டார்கள். பாராட்டின விஷயம் வீட்டில் பாடமாகிவிட்டது.

யாருக்குப் பாடம் என்பதைப் போன மாத லீவில்தான் பார்த்தேன். தம்பிக்கு இப்போது பத்து வயது. வாட்டசாட்டமாக இருக்கிறான், வாய் காது வரைக்கும். கடல் பைத்தியம் பிடித்து லீவு நாளெல்லாம் எங்கள் வீட்டிலேயே கிடக்கிறான், பெரியப்பாவோடு உட்கார்ந்து வலை பிரிக்கிறான். அன்று காலை சமையல்கட்டில் எட்டிப் பார்த்தால், கழுவின பாத்திரங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. அவனாகவே செய்தான்.

"டேய்" என்றேன். "உன் கண்ணு முன்னால ஒரு ஆளு தண்ணியில போறான்னு வெச்சுக்கோ. இன்னா பண்ணுவ?"

"ஓடியாந்து பெரியவங்க கிட்ட சொல்லுவேன்."

"இன்னான்னு சொல்லுவ?"

வாசல் பக்கம் பார்த்தான். போட்டு இன்னும் வரவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

"சொல்லுடா."

"சொல்ல மாட்டேன்க்கா. கையக் காட்டுவேன்." பிறகு, என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்து, "உன்ன மாதிரியே" என்றான்.

அந்த இரண்டு வார்த்தைதான் ஒரு மாசமாகத் தூங்க விடவில்லை. செவ்வாய்க்கிழமை லேபில் நாலு வார்த்தை மட்டும் வந்து நின்றபோது எனக்குத் தெரிந்துபோனது. அடுத்த முறை வரப்பில் ஓடி வந்து வாயை மூடிக்கொண்டு நிற்கப் போவது அவன். அவன் யார் முன்னால் நிற்பானோ, உள்ளே போகிறது யாரோ?

யோசனை இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். காலையில், போட்டெல்லாம் உள்ளே இருக்கும்போது, தம்பியையும் குப்பத்துப் பிள்ளைகள் பத்துப் பேரையும் கரைக்குக் கூட்டிப்போவேன். கயிறு கட்டின காலி கேன் ஒன்றைத் தண்ணீரில் வீசுவேன். அதுதான் ஆள். ஆளுக்கு ஆறு வாய்ப்பு, ஒரே வார்த்தை. கையைக் காட்டினால் சாம்பல். "தண்ணியில இருக்கான்" என்றால் மஞ்சள். அந்த வார்த்தையைக் கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினால்தான் பச்சை, அப்போதுதான் கயிற்றை இழுப்போம். பெரியம்மா வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கேட்டால் விளக்குமாற்றோடு வருவாள். அப்பா கரை ஏறியதும் அவரிடமும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு கொடுமை, அன்றைக்கே ஏதாவது ஒரு போட்டு தாமதமாகிவிட்டால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நானும் என்னைத்தான் பார்ப்பேன்.

முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். நான் கத்தாமல் அவனைக் கத்தச் சொல்ல முடியாது.

நிரலில் சேர்த்த அந்த வரியை நேற்றே அழித்துவிட்டேன். ஓட்டினால் இப்போது ஐந்து வார்த்தையும் வருகிறது. இதை எழுதும்போது காலை மணி ஐந்தரை, அப்பா கடலில் இருக்கிறார். ஒன்பது மணிக்கு மேல் கரை வந்து போன் பண்ணுவார், அதுவரை எனக்குக் கிளாஸ் ஒன்றும் மண்டையில் ஏறாது. பாட்டில் மூடியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மூன்று தடவை கை போய்விட்டது, நிமிர்த்தவில்லை.

முழுகுறான்.

எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இதைக் கத்த வேண்டும்.